சுவாதியின் இடம்

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போதெல்லாம் 'சுவாதி' என்று நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்லி வந்திருக்கிறேன். நாற்பது வயதுவரை அந்த மீனை வானத்தில் தேடிப் பார்த்ததில்லை. மேனாட்டார் ஆர்க்டூரஸ் என்று அழைக்கும் செம்மஞ்சள் மீன் அதுதான் என்பதை ஒரு வானியல் நூலில் படித்து அறிந்தேன். அந்நூலை எடுத்த காலம் மனச்சோர்வு மிகுந்தது.

அப்போது ஒரு பழந்தமிழ் நூலுக்குச் சொல்லடைவு தொகுத்துக்கொண்டிருந்தேன். சொல், அது வரும் பாட்டு, அடியெண். ஆறாண்டுகளாக இதுவே வேலை. உடன் பணியாற்றும் நண்பர் ஒருநாள், "இதில் நீங்கள் புதிதாகச் சொல்லப்போவது என்ன, ஐயா?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. என்னிடம் விடையும் இல்லை. அட்டைக் கட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

சங்க இலக்கியத்தில் நாண்மீன், கோண்மீன் என்னும் பாகுபாடு உண்டு. அலைவது கோள், அலையாதது நாண்மீன். கிரேக்கரும் விண்மீன்களை நிலைத்தவை என்றே கருதினர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் அவற்றின் இடங்களை அளந்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் இடங்களை அட்டவணையாக எழுதி வைத்தார். 1718இல் எட்மண்ட் ஹாலி அப்பழைய அளவுகளைத் தம் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டபோது சில மீன்கள் மட்டும் பொருந்தவில்லை: சிரியஸ், ரோகிணி, சுவாதி. நிலைத்தவை எனப்பட்டவை நகர்கின்றன என்று அவர் அறிவித்தார்.

ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் வருவது ஒரு விகலை. சுவாதி ஆண்டுக்கு நகர்வது 2.3 விகலைதான். வெறுங்கண்ணால் ஆயுள் முழுவதும் பார்த்தாலும் புலப்படாது. ஹிப்பார்க்கஸ் காலம் தொட்டு ஹாலி காலம் வரையிலான 1,800 ஆண்டுகளில் அது ஒரு பாகைக்கும் அதிகமாக, அதாவது முழுநிலவின் அகலத்தைப் போல் இருமடங்கு, விலகியிருந்தது. பட்டியலிட்டவர்கள் எவரும் இதை அறிந்திருக்க வழியில்லை.

இன்னொரு கதையும் அந்நூலில் இருந்தது. 1887இல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள், வானம் முழுவதையும் ஒளிப்படத் தகடுகளில் பதிந்து மீன்களின் இடங்களை அளக்கத் தீர்மானித்தனர். பல நாட்டு ஆய்வகங்கள் வானத்தைப் பங்கிட்டுக்கொண்டன. ஐதராபாத்தின் நிஜாமியா ஆய்வகமும் பின்னர் ஒரு பங்கை ஏற்றது. வத்திக்கானின் பங்கில் ஏறத்தாழ 4,80,000 மீன்களை 1910 முதல் 1921 வரை அளந்தவர்கள் நான்கு கன்னியாஸ்திரீகள். பணி பல பத்தாண்டுகள் இழுத்தது. அதற்குள் வானியலின் நாட்டம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்தத் தொகுதிகளைப் புரட்டுவார் அரிதாயினர்.

1989இல் ஹிப்பார்க்கஸை நினைவூட்டும் பெயரோடு ஹிப்பார்கோஸ் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது அளந்தது நான்காண்டுகளுக்கும் குறைவாகவே. மிக மெல்ல நகரும் மீனின் போக்கை அறிய அவ்விடைவெளி போதாது. பழைய தகட்டு அளவுகளைத் தேடி எடுத்துப் புதிய அளவுகளோடு ஒப்பிட்டார்கள். 2000இல் 25 இலட்சம் மீன்களின் நகர்வோடு டைக்கோ-2 அட்டவணை வெளிவந்தது.

இதைப் படித்த அன்றே அலமாரியைத் திறந்தேன் என்று சொன்னால் பொய்யாகும். திறக்க வைத்தது ரோகிணி. ஹாலி கண்ட வேறுபாட்டில் ரோகிணியின் உண்மையான நகர்வு சிறுபங்குதான். மிகுதி, பழைய அளவின் பிழை. பட்டியலில் ஓர் எண் பிசகினால், ஏறக்குறைய நின்ற மீனும் நெடுந்தூரம் நடந்ததாகிவிடுகிறது. முகம் தெரியாத ஒருவர் நாளை என் அடைவை நம்பி ஒரு சொல்லின் வரலாற்றை எழுதக்கூடும். அவருக்கு என் கருத்து வேண்டியதில்லை. அடியெண் சரியாக இருக்க வேண்டும்.

முதல் கட்டைப் பிரித்துச் சரிபார்த்தேன். நூறு அட்டைகளில் மூன்று பிழை. வெட்கமாக இருந்தது.

வைகாசி இரவொன்றில் மொட்டைமாடிக்குப் போய், சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவைத் தொடர்ந்து சென்று சுவாதியைக் கண்டேன். அசையாமல்தான் நின்றது.

நண்பர் அண்மையில் மீண்டும் கேட்டார். "புதிதாக ஒன்றும் இல்லை. சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே" என்றேன். இன்னும் நான்கு கட்டுகள் பாக்கி.