இசை கற்ற ஆறு மாதங்கள்



இளமையில் நமக்கும் ஒரு கனவு இருந்தது. திரைப்படத்திற்கு இசையமைக்க வேண்டும் என்பதே அது. தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டும் நாள்களில், கதையை மறந்து இசையையே கேட்டுக்கொண்டிருப்போம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தந்தையாரிடம் விருப்பத்தைக் கூறினோம். பால்மரம் சீவும் தொழிலாளியான அவர் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குச் சென்று, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சென்றுவரப் பேருந்துக் கட்டணமும் பாடக் கட்டணமும் தந்தார்.

முதல் நாளே மெட்டமைக்கக் கற்றுத் தருவார்கள் என எண்ணிச் சென்றோம். ஆசிரியரோ சரளி வரிசையில் தொடங்கினார். காதால் கேட்ட சுரங்களைப் பிழையின்றித் தாளில் எழுதப் பணித்தார். "தம்பி, மனத்தில் உள்ள மெட்டு உனக்கு மட்டுமே உதவும். எழுதி வைத்தால்தான் வயலின்காரரும் குழல்காரரும் சேர்ந்து வாசிக்க முடியும்" என்பார்.

ஒருநாள் ஒரு காட்சியைச் சொன்னார். இரவு நேரம், மகன் இன்னும் வீடு திரும்பவில்லை, தாய் வாசலில் நிற்கிறாள். "இதற்கு இசை கொடு" என்றார். நாம் ஆர்மோனியத்தின் கட்டைகள் அத்தனையும் அதிர வாசித்தோம். அவர் அமைதியாகக் கேட்டார்: "அந்தத் தாய் பெருமூச்சு விடுகிறாளே, அது யாருக்குக் கேட்கும்?" திரையிசை காட்சிக்குத் துணை நிற்க வேண்டுமேயன்றித் தன்னைக் காட்டிக்கொள்ளலாகாது என்பதை அன்று அறிந்தோம். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இசையும் அந்த நொடிக் கணக்கிற்குள் அடங்க வேண்டும். ஆகவே, இசைக்குக் கணிதமும் வேண்டும்.

எனினும் நமக்குப் பொறுமை இல்லை. ஆறாம் மாதத்தில் நின்றுவிட்டோம். தந்தையார் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அடுத்த ஞாயிறன்று விடியுமுன் வழக்கம்போல் எழுந்து புறப்பட்டவர், ஏதோ நினைவுக்கு வந்தாற்போல் நின்று, மீண்டும் லயத்து வாசலில் அமர்ந்துகொண்டார். அக்காட்சி இன்றும் நம் நெஞ்சைச் சுடுகிறது.

பின்னர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது இசைஞானி இளையராஜா அவர்களின் வரலாற்றைப் படித்தோம். 1943-இல் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர்; பதினான்கு வயதில் தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றவர். அத்துணை மேடை அனுபவம் இருந்தும், 1968-இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராய் அமர்ந்து மேலைநாட்டு இசையைக் கற்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் உழைத்தார். அவர் இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' 1976-இல்தான் வெளிவந்தது. இடையே எட்டு ஆண்டுகள்! நாமோ ஆறு மாதங்களில் திரும்பியவர்கள். புகழ் வந்த பின்னும் அவர் முயற்சி ஓயவில்லை. 2025 மார்ச் 8-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில், லண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

பெற்றோர்களே! நம் பள்ளியிலும் ஆர்மோனியம் பயிலும் பிள்ளைகள் சிலர் உளர். "எப்போது மேடையேறுவாய்?" என்று அவர்களைக் கேட்க வேண்டா. "இன்று என்ன கற்றாய்?" என்று கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே! இசையாயினும் கணிதமாயினும், பாதியில் விட்டுவிட மனம் எண்ணும்போது, உங்களுக்காக ஓய்வு நாளிலும் உழைப்பவரின் முகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, அடுத்த பாடத்தைத் தொடங்குங்கள்.