கட்டவுட்

டைனமோவுக்குத் திசை தெரியாது. சுற்றிவிட்டால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் சுற்றப் பார்க்கும். 1873-ல் வியன்னா உலகக் கண்காட்சியில் ஒரு கிராம் டைனமோவின் மின்சாரத்தைக் கொடுத்து இன்னொரு கிராம் டைனமோவை மோட்டாராக ஓட்டிக் காட்டினார்கள். அங்கே அது அதிசயம். பழைய காரில் அதுவே தொல்லை. இன்ஜின் ஓடும்போது டைனமோ பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறது. இன்ஜின் நின்றபின், நடுவில் யாரும் தடுக்காவிட்டால், பேட்டரி டைனமோவுக்குள் திரும்பி வடிந்துவிடும்.

தடுக்கிற ஆளின் பெயர் கட்டவுட். தியேட்டர் வாசலில் பாலாபிஷேகம் வாங்கும் கட்டவுட் இல்லை. ரெகுலேட்டர் பெட்டிக்குள் இருக்கும் சின்ன மின்காந்த சுவிட்ச். டைனமோ சுமார் 13 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டு பாயின்ட்டுகளை ஒட்டவைக்கும். மின்சாரம் பின்னோக்கி ஓட ஆரம்பித்ததும் ஸ்பிரிங் அவற்றைப் பிரித்துவிடும். ஆல்டர்னேட்டர் வந்தபிறகு இந்த வேலை டயோடுகளுக்குப் போனது.

அப்பாவின் அம்பாசிடர் மார்க் 2 டைனமோ காலத்து வண்டி. வீடு போடியில். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். காய் எடுக்கும் மாதங்களில், கூலியாட்களை ஏற்றிய ஜீப்புகளுக்குப் பின்னால் முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டு வழியாகப் போய்வருவார். வயது 71. சல்லடை போடாமலே 8 மி.மீ. காயைக் கையில் அள்ளிச் சொல்லிவிடுவார்.

போன சீசனில் சில நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எல்லா நாளும் இல்லை, சில நாள். பேட்டரி செத்துக் கிடக்கும். புது பேட்டரி போட்டார்கள். இரண்டு வாரத்தில் அதே கதை. இன்னொரு பேட்டரி. மூன்றாவது முறை வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது: அப்பா லைட்டை அணைக்க மறந்துவிடுகிறார்.

அந்த ஒரு வரியிலிருந்து எவ்வளவு முளைத்தது! சாவியை ஒளித்துவைக்கலாமா, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா, மதுரையில் ஞாபகமறதிக்கு நல்ல டாக்டர் யார்? சென்னையில் இருந்த எனக்கு இரண்டு பக்கமும் ஃபோனில் வந்தது. “நான் அணைச்சுட்டுத்தான்டா வந்தேன்” என்றார் அப்பா. நாலைந்து முறை சொன்னவர் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு போய், லைட் சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார். அதையும் மறதிக்கு அடையாளமாகவே வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

சாஃப்ட்வேரில் எல்லோரும் பயப்படுவது சில நேரம் மட்டும் வரும் பக்குக்குத்தான். அதைப் பிடிக்க ஒரே வழி, யார் செய்தது என்று கேட்காமல் பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்பது. ஊருக்குப் போனபோது, கடையை மகனிடம் விட்டுவிட்ட பழைய ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்துவந்தேன். அவருக்கும் இதுதான் முறை. பெயர் மட்டும் வேறு.

முந்தல் வரை ஓட்டிவந்து வண்டியை நிறுத்தினோம். பேட்டரி கேபிள் ஒன்றைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப்பை வைத்தார். எல்லாம் அணைந்திருந்தால் லாம்ப் எரியக் கூடாது. முதல் நாள் எரியவில்லை. இரண்டாம் நாளும் எரியவில்லை. மூன்றாம் நாள் பளிச்சென்று எரிந்தது. ஃபியூஸ்களைப் பிடுங்கினார், எரிந்துகொண்டே இருந்தது. ரெகுலேட்டரிலிருந்து டைனமோவுக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றினார், அணைந்தது. திரும்ப மாட்டினார், எரிந்தது. பெட்டி மூடியைத் திறந்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினார். ‘டிக்’. லாம்ப் அணைந்தது.

“கட்டவுட்டு ஒட்டிக்கிருச்சு தம்பி. அண்ணன் லைட்ட ஒழுங்காத்தான் அணைச்சிருக்காரு.”

பல வருடத் தீப்பொறியில் பாயின்ட்டுகள் குழிவிழுந்திருந்தன. சில நாள் பிரியும், சில நாள் பிரியாது.

கையோடு டைனமோவையும் சோதித்தார். அதன் இரண்டு வயர்களையும் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அங்கிருந்து பாடிக்கு வோல்ட்மீட்டர். இன்ஜின் வேகத்தை மெதுவாகக் கூட்ட வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்டவிடக் கூடாது. ஊசி சீராக ஏறினால் டைனமோ நல்லது. நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர். அரை, ஒரு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு காயில். அந்த அரை வோல்ட்டும் இரும்பில் மிச்சமிருக்கும் பழைய காந்தத்தால் வருவது. ஒன்றுமே இல்லையென்றால் முதலில் கார்பன் பிரஷ். எங்களுடையது ஏறியது. கட்டவுட்டை மட்டும் மாற்றினால் போதும்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ரெண்டு பேட்டரி காசு?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

71 வயதில் மறதி வராது என்று நான் வாதாடவில்லை. வரலாம். அன்றைக்கு டாக்டரைப் பார்ப்போம். ஆனால் செத்த பேட்டரி அதற்குச் சாட்சி இல்லை. அது சொல்லாததைச் சொன்னதாக நாங்கள் எழுதிக்கொண்டோம்.

புது கட்டவுட் போட்டு ஏழு மாதம் ஆகிறது. ஒரு நாள்கூட வண்டி மக்கர் பண்ணவில்லை. அப்பா ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு போவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.