மம்பட்டிக் காம்பும் துப்பாக்கிக் கட்டையும்

கல்லூரியிலிருந்து வந்த பேத்தி, என்.சி.சி. தொப்பியைக் கட்டிலில் வீசினாள். "இனிமே நான் போகல தாத்தா!"

ஜெயமங்கலத்தில், வராகநதிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டில் தொப்பி இப்படி விழுந்தது அதுவே முதல் முறை. தாத்தா ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்த்து ஓய்வுபெற்றவர். தேங்காய்க் கணக்கு நோட்டை மூடி வைத்தார். "என்னாச்சு ஆத்தா?"

25 கஜ தூரம். பாயின்ட் 22 ரைபிள். ஐந்து குண்டுகளும் ஐந்து திசையில் போயிருந்தன. "பொம்பளப் பிள்ளைன்னா கை நடுங்கத்தான செய்யும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சிரித்தது கூட வலிக்கவில்லை. அது உண்மையாக இருக்குமோ என்ற பயம்தான் அவளை அரித்தது.

தாத்தா ஒரு மம்பட்டிக் காம்பை எடுத்துக் கொடுத்தார். "இதை ரைபிளா நினைச்சுப் படு."

படுத்தாள். மூன்று முறை எழுந்து மூன்று முறை படுக்கச் சொன்னார். மூன்று முறையும் கழுத்தை எட்டி நீட்டினாள். கன்னம் மூன்று வெவ்வேறு இடத்தில் பட்டது.

"கை நடுங்கல. கட்டைதான் உனக்கு நீளம்" என்றார்.

கன்னம் இடம் மாறினால் கண் இடம் மாறும். கண் மயிரிழை விலகினாலும் குறி விலகிவிடும். பழைய 303 ரைபிளுக்கே தோளில் பதியும் 'பட்' நான்கு நீளங்களில் வந்ததாம். குட்டை என்றால் 'எஸ்', நெட்டை என்றால் 'எல்', இன்னும் குட்டை என்றால் 'பி' என்று கட்டையிலேயே முத்திரை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம். இன்றைய போட்டி ரைபிள்களில் பட்டையும், கன்னம் வைக்கும் இடத்தையும் திருகி நகர்த்திக்கொள்ளலாம். 10 மீட்டர் ஏர் ரைபிளில் நடுப்புள்ளியே அரை மில்லிமீட்டர். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அந்தப் போட்டியில்தான்.

"இன்னொண்ணு இருக்கு. மம்பட்டிக் காம்புல ஆட்டம் இருந்தா வெட்டு நேரா விழுமா?"

"விழாது."

"துப்பாக்கியும் அப்படித்தான்."

சுடும்போது குழல் அதிரும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் சேரும். இரும்பு மரக்கட்டையில் சரியாக உட்காராவிட்டாலோ, திருகு தளர்ந்தாலோ, மழைக்காலத்தில் மரம் ஊறிக் குழலை ஒரு பக்கம் நெருக்கினாலோ அந்த அதிர்வு மாறும். எவ்வளவு நல்ல கை என்றாலும் குண்டு சிதறும்.

"திருகைப் பார்க்கச் சொல்லிக் கேளு. நீயா கை வைக்காத. உடம்பை இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாச் சாய்ச்சுப் படு. கன்னம் ஒரே இடத்துல பதியணும். அது பதியிற வரைக்கும் விசையைத் தொடாத."

பத்து நாள், விடிந்ததும் திண்ணையில் மம்பட்டிக் காம்போடு படுத்துப் பழகினாள். பால் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த பயிற்சி நாளில் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். பயிற்சியாளர் திருகைச் சோதித்தார். முன் திருகு அரைச் சுற்று இறுகியது.

மாலையில் இலக்கு அட்டையைத் தாத்தாவிடம் நீட்டினாள். நான்கு ஓட்டைகள் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் இருந்தன. ஐந்தாவது மட்டும் விலகியிருந்தது.

"இது?" என்றார்.

"அது நான்தான் தாத்தா. அவசரப்பட்டு விசையை இழுத்துட்டேன்."

தாத்தா சிரித்தார். கட்டிலில் கிடந்த தொப்பியைத் தட்டி, ஆணியில் மாட்டினார்.