பாலையில் மூன்று நாள்

ஈப்போவில் உள்ள அந்த வீட்டில் நால்வரும் ஒன்றாக அமர்ந்து உணவு உண்டு பல மாதங்கள் ஆகியிருந்தன. மகன் ஜொகூரில் பொறியியல் இறுதியாண்டு படித்துக் கொண்டிருந்தான். மகள் சபாவில் முதலாண்டு மாணவி. ஒருவர் வீட்டுக்கு வரும் வாரத்தில் மற்றவருக்குத் தேர்வு இருக்கும். டிசம்பரில் ஒரு வாரம் மட்டும் இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது.

“லங்காவி போகலாம்,” என்றாள் மகள். அம்மா தலையசைத்து மறுத்தார். அவர் தமிழாசிரியை. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஐந்திணையைக் கற்பிப்பவர். “குறிஞ்சிக்குக் கேமரன் மலை, முல்லைக்குத் தாமான் நெகாரா, மருதத்துக்குக் கெடா வயல்கள், நெய்தலுக்குப் பங்கோர். நான்கையும் பார்த்துவிட்டேன். பாலையைத்தான் இன்னும் பார்க்கவில்லை,” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே விமானச் சீட்டுகளுக்குப் பதிவு செய்தார்.

கோலாலம்பூரிலிருந்து டில்லிக்கு விமானப் பயணம். அங்கிருந்து இரவெல்லாம் ரயில். மறுநாள் ராஜஸ்தானின் மேற்கு எல்லைக்கு அருகிலுள்ள ஜெய்சால்மரில் இறங்கினார்கள். மஞ்சள் மணற்கல்லால் கட்டப்பட்ட கோட்டை மாலை வெயிலில் பொன்னாகத் தெரிந்தது. 1156ஆம் ஆண்டு ஜெய்சால் என்ற அரசர் எழுப்பிய அந்தக் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். 2013இல் அது ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சந்துகளில் மாடுகள் படுத்திருந்தன; மாடங்களில் துணிகள் காய்ந்தன. ஆனால், பிள்ளைகள் இருவரும் திறன்பேசியில்தான் கோட்டையைப் பார்த்தார்கள். மகனுக்கு அடிக்கடி குறுஞ்செய்திகள் வந்தன. ஒவ்வொரு முறையும் அவன் சற்று விலகிச் சென்று பதில் எழுதினான். அம்மா அதைக் கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலை, குல்தாரா என்ற ஊருக்குச் சென்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் கைவிட்டுப் போன ஊர் அது. கூரையில்லாத கல் வீடுகள் வரிசையாக நின்றன. ஓர் இரவில் ஊரே எழுந்து போய்விட்டதாகக் கதை சொல்கிறார்கள். தண்ணீர் வற்றியதே காரணம் என்று கூறுவோரும் உண்டு. அங்கு வாழ்ந்த பாலிவால் மக்கள் வேளாண்மையில் வல்லவர்கள். பாறை மேட்டில் விழும் மழைநீரைத் தாழ்வான நிலத்தில் நீண்ட மண்கரை போட்டுத் தேக்குவார்கள். நீர் மண்ணுக்குள் இறங்கியதும், அந்த ஈரத்திலேயே கோதுமையை விதைப்பார்கள். இந்த முறைக்குக் ‘கடீன்’ என்று பெயர்.

“இங்கே ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். நம் ஊரில் சில மாதங்களில் ஒரே மாதத்தில் அதைவிட அதிகமாகப் பெய்துவிடும்,” என்றார் அப்பா. “அந்த மழையைக் கொண்டா கோதுமை விளைவித்தார்கள்?” என்று மகள் வியந்தாள். அன்று முதல் முறையாக அவள் திறன்பேசியைப் பைக்குள் வைத்தாள்.

மாலையில், நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மேற்கே உள்ள சாம் மணல்மேடுகளை அடைந்தார்கள். நடுத்தர வயதுடைய ஒட்டகக்காரர் ஒருவர் அவர்களை அழைத்துச் சென்றார். வழியில் ஒரு மரத்தைக் காட்டி, “கேஜ்ரி” என்றார். அம்மா அதன் சிறிய இலைகளை உற்றுப் பார்த்தார். “இது நம் வன்னி மரம்! கோயிலில் பார்த்திருக்கிறோமே!” என்றார். ஆழத்தில் உள்ள நீரைத் தேடி வேர் விடும் அந்த மரம்தான் ராஜஸ்தானின் மாநில மரம். அதன் இலை ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீனி. காயை உலர்த்தி வைத்து மனிதர்கள் கறி சமைப்பார்கள்.

ஒட்டகக்காரரின் வீட்டு முற்றத்தில் தரையோடு தரையாக ஒரு சிமெண்ட் மூடி இருந்தது. அதன் கீழே மழைநீரைச் சேமிக்கும் தொட்டி. பெய்கிற சில நாள் மழையை அதில் பிடித்து வைத்து, பெய்யாத மாதங்களில் அளந்து செலவிடுகிறார்கள். அவருடைய மனைவி ஒரு சொம்பு நீரைக் கொண்டுவந்து நால்வருக்கும் கொடுத்தார். மகன் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றப் போனான். பிறகு ஏதோ நினைத்தவனாய், நின்று முழுவதையும் குடித்து முடித்தான்.

இரவு, கூடாரத்தின் முன் தீ மூட்டினார்கள். பகல் வெயில் எங்கே போனதோ, குளிர் எலும்பைத் தொட்டது. அங்குத் திறன்பேசிக்கு அலைவரிசை கிடைக்கவில்லை. வானத்தில் இவ்வளவு விண்மீன்கள் இருக்கும் என்று பிள்ளைகள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

“உங்கள் பாலைத் திணை இப்படித்தான் இருக்குமா, அம்மா?” என்று மகள் கேட்டாள்.

“இல்லையம்மா. நம் பாலை மணல்காடு அன்று. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வறண்டு தம் இயல்பை இழந்தால் அதுவே பாலை. சிலப்பதிகாரம் அப்படித்தான் சொல்கிறது. பாலைக்குரிய உணர்வு பிரிவு,” என்றார் அம்மா.

சிறிது நேரம் தீ சடசடத்தது. பிறகு மகன் மெதுவாகக் கேட்டான். “பொருள் தேடிப் பிரிந்து போவதும் அதில் உண்டுதானே, அம்மா?”

“உண்டு. ஏன் கேட்கிறாய், ஐயா?”

“மெல்பர்னில் ஒரு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போன ஆண்டுதான் அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. தங்கையும் சபாவில் இருக்கிறாள். அதனால்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.”

யாரும் உடனே பேசவில்லை. அப்பாதான் முதலில் வாய் திறந்தார். “என் இருதயத்தைக் காரணம் காட்டி நீ போகாமல் இருந்தால், அதுதான் எனக்குப் பெரிய பாரம். மருத்துவமனைக்கு நான் சொந்தக் காரில்தான் போய்வருகிறேன்.” மகள் சிரித்தாள். ஆனால், அம்மா சிரிக்கவில்லை. ஒரு குச்சியால் மணலில் கோடு கிழித்துக் கொண்டிருந்தார். “குளிர்கிறது, தூங்கலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. பிரிந்தவரை நினைத்து வருந்தும் தாயையும் தலைவியையும் பற்றி அவர் எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறார். போகிறவனின் மனம் என்ன பாடுபடும் என்பதையும் விளக்கியிருக்கிறார். தேர்வுக்கு விடை எழுதக் கற்றுக் கொடுத்த பாடம் இன்று அவரையே கேள்வி கேட்டது. முற்றத்துத் தொட்டி நினைவுக்கு வந்தது. ஆண்டு முழுவதும் மழை வேண்டும் என்று அந்த வீட்டார் கேட்பதில்லை. பெய்யும் நாளில் ஒரு துளியையும் வீணாக்காமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் விடியலில் நால்வரும் மணல்மேட்டின் உச்சியில் அமர்ந்து கதிரவன் எழுவதைப் பார்த்தார்கள். முந்தைய மாலை அவர்கள் பதித்த காலடிகள் ஒன்றுகூட மிச்சமில்லை. இரவுக் காற்று எல்லாவற்றையும் துடைத்து, புதிய அலைகளை வரைந்திருந்தது.

ரயில் ஏறுமுன் கோட்டைக் கடைத்தெருவில் அம்மா ஒரு கடையின் முன் நின்றார். கம்பளிப் போர்வைகளை ஒவ்வொன்றாக விரித்துத் தடவிப் பார்த்தார்.

“ஈப்போவில் இதை எங்கே போர்த்திக்கொள்வது?” என்று அப்பா கேட்டார்.

அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். “மெல்பர்னில் குளிர் எந்த மாதம் தொடங்கும்?”

“ஜூன், அம்மா,” என்றான் அவன். அவன் குரல் தழுதழுத்தது.

“அப்படியானால் தடித்ததாகவே எடுப்போம்,” என்று சொல்லி, அம்மா விலை பேசத் தொடங்கினார்.