வெளிநாட்டுக்காரர்

2008-ம் வருஷம் பிப்ரவரியில் பம்பாயில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். சென்னை அணி முத்தையா முரளிதரனை 6 லட்சம் டாலருக்கு எடுத்தது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மூட்டை ஏலம் பார்த்தே தலை நரைத்த என் சிநேகிதர், "கையில் அள்ளிப் பார்க்காமலா விலை சொன்னான்?" என்று கேட்டார். வியாபாரி கேட்கும் கேள்விதான்.

விதிப்படி முரளி வெளிநாட்டுக்காரர். பதினொரு பேரில் நால்வருக்கு மேல் அப்படிப்பட்டவர்கள் இறங்கக் கூடாது. ராஞ்சியிலிருந்து வந்த தோனி உள்ளூர்க் கணக்கு! முரளியின் பாட்டனாரோ 1920-ல் இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர். பிற்பாடு திரும்பி வந்து திருச்சியில் தங்கிவிட்டார். பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். 1948-ல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், அந்தத் தோட்டத்து ஜனங்களில் லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் செய்துவிட்டது.

சீமையிலும் இந்தக் கூத்து உண்டு. 1936 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஹாக்கித் தங்கத்தைப் பிரிட்டன் வென்றபோது, அந்த அணியில் பலர் பிரிட்டனில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர்கள். கோல் காத்த ஜிம்மி ஃபாஸ்டர் கிளாஸ்கோவில் பிறந்து வின்னிபெக்கில் வளர்ந்தவர். கனடா ஆட்சேபித்துப் பார்த்தது. கடைசியில் அவர்களிடமே தோற்றது.

2013-ல் இலங்கை ஆட்டக்காரர்கள் சென்னையில் ஆடக் கூடாதென்று தடை வந்தது. ஈழத்தில் மாண்டவர்களுக்காக எழுந்த கோபம் நியாயமானதுதான். ஆனால் பெங்களூர் அணிக்குப் போயிருந்த முரளியும் அதில் அகப்பட்டார். அவர் பெண் எடுத்த ஊர் சென்னை.