வண்டி வரும் வரைக்கும்... எங்கள் மாஸ்டருக்குக் கண்ணீர் அஞ்சலி



கனத்த நெஞ்சத்தோடு இப்பதிவை எழுதுகிறேன். எங்கள் பள்ளியின் செம்பிறைச் சங்கக் கடெட் அணிக்கு 19 ஆண்டுகளாகப் பயிற்சியளித்து வந்த தொண்டர் ஒருவர் கடந்த மாதம் திடீரென நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார். அவருக்கு வயது 53. தம் பெயர் எங்கும் எழுதப்படுவதை அவர் என்றுமே விரும்பியதில்லை. ஆகவே, மாணவர்கள் அழைத்தது போலவே நானும் இங்கு அவரை 'மாஸ்டர்' என்றே குறிப்பிடுகிறேன்.

மாஸ்டர் ஆசிரியர் அல்லர். கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அவருடைய பிள்ளைகள் எங்கள் பள்ளியில் பயின்று முடித்துப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் புதன்கிழமை தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் பள்ளி வாயிலில் வந்து நிற்கும். பின்னிருக்கையில் கயிற்றால் கட்டிய ஒரு தகரப் பெட்டி இருக்கும். இரவு வேலை முடித்து வந்த நாளென்றால் கண்கள் சிவந்திருக்கும்; சீருடையில் மட்டும் ஒரு சுருக்கமும் இராது.

ஆசிரிய நண்பர்கள் நன்கறிவர். சீருடை இயக்கம் ஒன்றின் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்படும்போது அதற்குரிய பயிற்சி நமக்கு எப்போதும் இருப்பதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நானும் புறப்பாடம் பயின்றவள்தான். எனினும், மயங்கி விழுந்தவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்பதைத் தரையில் மண்டியிட்டுச் செய்து காட்டி எனக்குக் கற்பித்தவர் மாஸ்டர்தான். "டீச்சர், புத்தகத்துல இருக்கறது சரிதான். ஆனா கைக்குத் தெரியணும்" என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, இரவு வேலை முடிந்து வாகன நிறுத்துமிடத்திற்கு நடந்து வந்தவர் அங்கேயே சரிந்து விழுந்திருக்கிறார். மாரடைப்பு. உடன் வந்த தோழர்களுள் ஒருவர் மாஸ்டரிடமே முதலுதவி கற்றவர். உடனே 999 எண்ணுக்கு அழைக்கச் சொல்லிவிட்டு மார்பை அழுத்தத் தொடங்கியிருக்கிறார். களைத்தபோது இன்னொருவர் தொடர்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை கைகள் ஓயவில்லை. அவ்வளவும் செய்தும் மருத்துவமனையில் மாஸ்டரின் உயிர் பிரிந்துவிட்டது.

மறுநாள் புதன்கிழமை. கடெட் மாணவர்கள் வழக்கம்போல் சீருடையில் வந்திருந்தனர். சிலருக்குச் செய்தி தெரியும்; பலருக்குத் தெரியாது. அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஆசிரியர் அறையில் இது குறித்துப் பேசினோம். "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று இப்போதைக்குச் சொல்லலாமே" என்றார் ஒருவர். "சாமியிடம் தூங்குகிறார் என்று சொன்னால் போதும்" என்றார் மற்றொருவர். இருவரும் அன்பினால்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால், ஏழெட்டு வயதைக் கடந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பதை அறிந்தவர்கள். ஊருக்குப் போனவர் என்றால் என்று திரும்புவார் எனக் காத்திருப்பார்கள். தூங்குகிறார் என்றால், சிறிய பிள்ளைகளுக்குத் தூக்கமே அச்சமாகிவிடும். எளிய, உண்மையான சொற்களால் சொல்வதே நல்லது என்று தலைமையாசிரியர் முடிவெடுத்தார். அப்பொறுப்பை நானே ஏற்றேன்.

கொடிக்கம்பத்தின் அருகே அவர்களை அமர வைத்தேன். "மாஸ்டரின் இதயம் திடீரென நின்றுவிட்டது. மருத்துவர்களால் அதை மீண்டும் இயங்கச் செய்ய முடியவில்லை. அவர் இறந்துவிட்டார்" என்றேன். சிலர் அழுதனர். சிலர் ஒன்றும் புரியாதவர்கள் போல் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தனர். ஒருவன் சிரித்தும்விட்டான். அதிர்ச்சியில் பிள்ளைகள் அப்படியும் நடந்துகொள்வர் என்பதால் அவனை நான் கண்டிக்கவில்லை.

பிறகு, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "டீச்சர், அவங்க சி.பி.ஆர். செஞ்சாங்களா?"

செய்தார்கள் என்றேன்.

"சரியா செஞ்சாங்களா?"

சரியாகத்தான் செய்தார்கள் என்றேன்.

"அப்புறம் ஏன் டீச்சர் மாஸ்டர் செத்துப் போனாரு?"

இக்கேள்விக்கு என்னவென்று விடை சொல்வது? நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமல் அழுத்த வேண்டும் என்று ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளை அவள். காலிப் புட்டியைத் தலையணை உறைக்குள் திணித்து மாஸ்டர் செய்து தந்த 'பொம்மை'யின் மீது எத்தனையோ முறை பயிற்சி செய்தவள். சரியாகச் செய்தால் உயிர் பிழைக்கும் என்பது அவளது நம்பிக்கை. ஒரு கணிதத்தைச் சரியான வழியில் செய்தும் விடை தவறிப்போனது போல் அவள் என்னைப் பார்த்தாள்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது மாஸ்டரின் சொல்தான். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அவர் தவறாமல் கூறுவது இது: "நாம டாக்டர் இல்ல, சாமியும் இல்ல. உயிரக் குடுக்குற வேல நம்மளது இல்ல. வண்டி வர்ற வரைக்கும் அந்த ஆள தனியா விடக் கூடாது. அதான் நம்ம வேல."

அதையே அவளுக்கு நினைவூட்டினேன். இதயம் நின்றுவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். மார்பை அழுத்துவது அந்த நேரத்தைச் சற்று நீட்டித் தருகிறது. ஒரு வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பு எல்லாருக்கும் கைகூடுவதில்லை. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுள் பிழைப்பவர்கள், பல நாடுகளில், பத்தில் ஒருவர்கூட இல்லை. இதை நான் மறைக்கவில்லை. "அந்த அண்ணன்மார்கள் மாஸ்டரைத் தனியாக விடவில்லை. மாஸ்டர் கற்பித்ததை மாஸ்டருக்கே செய்தார்கள்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மூன்றாம் ஆண்டு மாணவனின் தோளில் கை வைத்துக்கொண்டாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மாஸ்டர் கற்பித்தவை பரிசு வாங்குவதற்கான பாடங்கள் அல்ல, வீட்டுக்கான பாடங்கள். நம் வீடுகளில் கையைச் சுட்டுக்கொண்டால் என்ன செய்கிறோம்? பற்பசை தடவுகிறோம்; சிலர் கிச்சாப் ஊற்றுகிறோம். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். மூக்கில் இரத்தம் வடிந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கிறோம். இவை அனைத்தையும் மாஸ்டர் பிள்ளைகளைக் கொண்டே நடிக்க வைத்து, சிரிக்க வைத்து, பின்னர் திருத்துவார். சுட்ட கையை 20 நிமிடம் ஓடும் நீரில் காட்ட வேண்டும். வலிப்பு வந்தவரை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. அருகிலுள்ள கடினமான பொருள்களை அகற்றிவிட்டு, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மூக்கில் இரத்தம் வந்தால் முன்புறம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு முன்பு, முறுக்கு சுடுகையில் எண்ணெய் தெறித்த தாயின் கையை நான்காம் ஆண்டு மாணவி இழுத்துக்கொண்டு போய்க் குழாயின் கீழ் பிடித்தாளாம். பற்பசையோடு ஓடி வந்த பாட்டியைத் தடுத்தும் விட்டாளாம். அந்தத் தாய் பள்ளிக்கு ஒரு டப்பா முறுக்கோடு வந்து இதைச் சொன்னபோது, மாஸ்டர் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, "20 நிமிசம் பிடிச்சாளா, இல்ல பாதியில விட்டுட்டாளா?" என்றுதான் கேட்டார்.

2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டு வரவேற்பறையில் மனைவியின் கையில் முக்கோணத் துணியால் கட்டுப்போட்டு, அதைக் கைப்பேசியில் பதிவு செய்து புலனத்தில் அனுப்பி வைப்பார். 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா பகுதியை வெள்ளம் சூழ்ந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு அங்குச் சென்றார். திரும்பி வந்த பின் அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "தண்ணி வடிஞ்ச பின்னாடிதான் டீச்சர் உண்மையான வேல. காலுல ஆணி குத்தினவங்கதான் அதிகம்" என்றார். அடுத்த புதன்கிழமைப் பயிற்சி, குத்துக்காயத்தைப் பற்றியதாக இருந்தது.

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தின் ஏழு அடிப்படைக் கோட்பாடுகள் 1965-இல் வியன்னா மாநாட்டில் அறிவிக்கப்பட்டவை. எங்கள் மாணவர்கள் அவற்றை மலாய்மொழியில் மனனம் செய்வார்கள். ஐந்தாவது கோட்பாடு தன்னார்வச் சேவை, மலாயில் 'சுகரேலா'. விருப்பம், மனமொப்புதல் என்னும் இரு பொருளும் சேர்ந்த சொல் அது. அதை விளக்க மாஸ்டர் ஹென்றி டூனானின் கதையைச் சொல்வார். 1859-இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் அடிபட்டுக் கிடந்தோரைக் கண்ட டூனான் மருத்துவரும் அல்லர், படைவீரரும் அல்லர். தம் வாணிகத்தின் பொருட்டு அப்பக்கம் போனவர். அருகிலிருந்த ஊரின் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எந்த நாட்டு வீரர் என்று பாராமல் காயத்திற்குக் கட்டுப்போட்டார். "அவருக்கும் வேற வேல இருந்திச்சு. ஆனா நின்னாரு பாத்தீங்களா?" என்று மாஸ்டர் கேட்கும்போது, அவருக்கும் வேறு வேலை இருந்தது என்பது பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. எங்களுக்குத் தோன்றும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒருமுறை பெட்ரோல் செலவுக்கென ஓர் உறையைக் கொடுத்தது. மறுவாரம் அந்தப் பணம் இரண்டு டசன் கட்டுத்துணிகளாகப் பள்ளிக்குத் திரும்பி வந்தது.

இறுதிச் சடங்கின்போது கடெட் மாணவர்கள் பெற்றோரோடு வந்து வீட்டு வாயிலில் இரண்டு வரிசையாக நின்றனர். அழைத்து வரலாமா என்று சில பெற்றோர் முன்கூட்டியே என்னைக் கேட்டிருந்தனர். வர விரும்பும் பிள்ளையை அழைத்து வாருங்கள்; அங்கு என்ன பார்க்க நேரும் என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள்; விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்றேன். மாஸ்டரை வெளியே கொண்டு வந்தபோது, அணித்தலைவியான ஆறாம் ஆண்டு மாணவி "செடியா!" என்று குரல் கொடுத்தாள். குரல் உடைந்தது, வரிசை அசையவில்லை. ஊர்தி தெருமுனையைத் தாண்டிய பின்னரும் "பெர்சுராய்" என்று கலைந்து போகச் சொல்ல அவளால் முடியவில்லை. மாஸ்டரிடம் பயின்று இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன்தான் முன்வந்து சொன்னான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாஸ்டரின் மனைவி என்னை அழைத்து அந்தத் தகரப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே, துவைத்துத் தேய்த்து மடித்த முக்கோணத் துணிகள். கடையில் வாங்கியவை சில. பெரும்பாலானவை அவரே வெள்ளைத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தவை. புதன்கிழமை இரவு துவைப்பதும் செவ்வாய்க்கிழமை தேய்ப்பதும் 19 ஆண்டுகளாக அவ்வீட்டின் வழக்கமாம். "அவரு இல்லன்னு நிறுத்திடாதீங்க டீச்சர். துணிய அனுப்பி வைங்க, நானே தொவச்சுத் தர்றேன்" என்றார். ஒரு தொண்டருக்குப் பின்னால் ஒரு வீடே தொண்டு செய்கிறது, அன்பர்களே!

பயிற்சி நிற்கவில்லை. மாஸ்டரிடம் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவர்கள் இருவர் புதன்கிழமைகளில் வந்து உதவுகின்றனர். மாஸ்டரின் இடத்தில் நிற்பது அவர்களுக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. சிறுவர்கள் ஒவ்வொன்றுக்கும் "மாஸ்டர் இப்படிச் சொல்லலையே அண்ணே" என்கிறார்கள்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கும் இப்படி ஒருவர் வந்துகொண்டிருக்கலாம். சிலம்பம் கற்பிப்பவராக, சாரணர் முகாமுக்குக் கூடாரம் கட்டுபவராக, தேவாரம் சொல்லித் தருபவராக இருக்கலாம். பணியாளர் கோப்பில் அவர்களுக்கு இடம் இராது. பள்ளி ஆண்டு மலரிலாவது அவர்கள் செய்த பணி ஆண்டோடும் விவரத்தோடும் பதிவாகட்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மலேசியாவில் உயிரிழப்புக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று இதய நோய். நாற்பதைக் கடந்த தந்தைமார்களும் தாய்மார்களும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அரசாங்கச் சுகாதார நிலையத்திலாவது சோதித்துக்கொள்ளுங்கள். மார்பில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை என்றால் 'காற்றுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உங்கள் பிள்ளை கடெட் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும், இன்று என்ன கற்றாய் என்று கேட்டு, தரையில் படுத்து அவனுக்கு நோயாளியாக நடியுங்கள். அவனிடமிருந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

மாஸ்டரின் துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் பள்ளியின் சார்பில் ஆழ்ந்த அனுதாபங்கள். அன்னாரின் ஆன்மா இறைவன் திருவடி நிழலில் இளைப்பாற வேண்டுகிறேன்.