கி.மு. 580 என்று மட்டும் சொன்னவன்

மேடையில் கைதட்டு வாங்குவதற்காக ஒரு கணக்கின் பாதியை மறைத்து வந்திருக்கிறேன். தெரிந்தேதான் செய்தேன்.

நான் ராஜபாளையத்தில் வரலாற்று வாத்தியார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இலக்கியக் கூட்டம் என்றால் கூப்பிடுவார்கள். 2019 செப்டம்பரில் கீழடி அகழாய்வு அறிக்கை வந்ததிலிருந்து என் பேச்சு கி.மு. 580-இல்தான் போய் நிற்கும். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்கு மயாமியின் பீட்டா அனலிடிக் ஆய்வகம் சொன்ன காலம் என்பேன். அரங்கம் அதிரும்.

ஆய்வகம் அளப்பது மிஞ்சியிருக்கும் கார்பன்-14-ஐ. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். ஆனால் காற்றில் அதன் அளவு எக்காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. வயது தெரிந்த மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. இடையில் எப்போது வெட்டிய மரமானாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். 580 அதற்குள்தான் விழுகிறது. அங்கே ஒற்றை ஆண்டைச் சொல்லக்கூடாது, இதிலிருந்து இதுவரை என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டின் எந்த முனையில் வைத்தாலும் அந்தக் கரி அசோகருக்கு முந்தியதே. மறைக்க வேண்டிய அவசியமே இல்லை!

2022-இல் வெம்பக்கோட்டையில் தோண்டத் தொடங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம வைப்பாற்றங்கரை. சங்கு வளையலும் கண்ணாடி மணியும் வந்ததைப் பார்த்து, "இதுவும் கீழடி வயசுதான்" என்று ஒரு கூட்டத்தில் அடித்துவிட்டேன். எந்த ஆய்வகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை. சங்கை நேராக அளந்தாலும், கடலின் பழைய கார்பன் கலந்திருப்பதால் 400 ஆண்டு வாக்கில் கூடுதலாகக் காட்டும் என்பதைப் படித்தும் இருந்தேன். திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் கோள்களை வைத்துத் தமிழறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாள் காலத்தை 731 என்று குறித்ததை, "ஒரு வரியை நம்பி வருஷம் சொல்லலாமா?" என்று கேலி பேசியவனும் நான்தான்.

அந்தக் கூட்டத்தில் வேதியியல் படிக்கும் என் பழைய மாணவி எழுந்து, "சார், அந்த 580-க்கு பிளஸ் ஆர் மைனஸ் எவ்வளவு?" என்றாள்.

"அதையெல்லாம் விஞ்ஞானிங்க பாத்துக்குவாங்கம்மா" என்றேன். கூட்டம் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். பதில் என் சட்டைப்பையில் இருந்த குறிப்புத்தாளிலேயே இருந்தது.

பிறகு ஒரு கூட்டத்தில் வரம்பையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் பழையபடி வெறும் 580.